நாற்றுப் பாத்தியில் ஜாபர் சாதிக்

விஷ்ராந்த்வாடியில் நர்சரி வைத்திருக்கும் ஜாபர் சாதிக், அந்தக் கோடையில் வெயில் ஏறியதும் வாட ஆரம்பித்தார். முதலில் கழுத்து தொங்கும், பிறகு தோள்கள். மதியத்துக்குள் ஆள் இடுப்போடு மடிந்துவிடுவார். பொழுது சாய்ந்ததும் நிமிர்ந்து வியாபாரத்தைக் கவனிப்பார். அவருடைய தக்காளி நாற்றுகளும் முந்திய வாரம் இப்படித்தான் பச்சை மாறாமல் தொங்கின. சில நாள் மாலையில் நிமிர்ந்தன, பிறகு நிமிரவில்லை. அதைப் பார்த்திருந்த அவர் மனைவி ஹபீபா, டாக்டர் எழுதிய வைட்டமினை வாங்கவில்லை. எதிர் அபார்ட்மென்ட் சொசைட்டியில் குடியிருந்த கோயம்புத்தூர்க்காரி ஸ்ரீவித்யாவைக் கூப்பிட்டாள். தாவர நோய் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஸ்ரீவித்யா, வாடிய தண்டு ஒன்றை வெட்டித் தண்ணீர் டம்ளரில் தொங்கவிட்டாள். வெட்டிய இடத்திலிருந்து பால் போல நூல் இறங்கியது. பாக்டீரியா வாடல். ஜாபரின் கால் நகத்தை வெட்டி இன்னொரு டம்ளரில் போட்டாள். அதிலும் இறங்கியது.

அந்த பாக்டீரியாவை மட்டும் கொல்லும் வைரஸ் உண்டு, ஃபேஜ் என்பார்கள். நோய் உள்ள இடத்திலேயே அதுவும் இருக்கும். நர்சரியின் சாக்கடையிலிருந்து அதை எடுத்துப் பெருக்கி, ஒரு கேனில் கொண்டுவந்தாள் ஸ்ரீவித்யா.

"பொழுது சாஞ்சு வேர்ல ஊத்துங்கக்கா. வெயில் பட்டா செத்துரும்."

"செடிக்குச் சரி. மச்சானுக்கு?"

"பாய்க்கும் அதேதானுங்க. கால்ல."

தொழுகிற காலில் சாக்கடையை ஊற்ற ஹபீபாவுக்கு மனம் வரவில்லை. கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் கலந்து ஊற்றினாள். குளோரினில் வைரஸ் முழுதும் செத்தது. மிச்ச நாற்றுகளும் செத்தன. மறுநாள் மாலை ஜாபர் நிமிரவில்லை.

"சுத்தமான தண்ணிதானே கலந்தேன்?"

"அதுதானுங்கக்கா தப்பு."

அடுத்த கேனில் ஹபீபா எதையும் கலக்கவில்லை. கணவரைப் பாத்தியில் வெறுங்காலோடு நிறுத்தி, மூங்கிலில் சேலைத் துணியால் கட்டி, பாதங்களை மண்ணால் மூடி ஊற்றினாள். டீக்கடை விச்சு, "பாய்க்கு உரமும் வைங்க, மழைக்குள்ள காய்ச்சுடுவார்" என்றான். ஹபீபா ஒவ்வொரு மாலையும் ஊற்றினாள். வாரக் கடைசியில் ஜாபர் உச்சி வெயிலில் நேராக நின்று, பசிக்கிறது என்றார். அவர் நகம் போட்ட டம்ளரில் தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

கால்கள்தான் வரவில்லை. மண்ணை விலக்கியபோது பாதங்களிலிருந்து வெள்ளை வேர்கள் இறங்கியிருந்தன. ஹபீபா கத்தி எடுத்து வந்தாள்.

"வெட்டாதீங்கக்கா. அந்தக் காயத்து வழியாத்தான் நோய் மறுபடி உள்ள போகும்."

"இந்த மருந்து வேரை அறுக்காதா?"

"அது பாக்டீரியாவை மட்டுந்தான் தொடும்."

ஹபீபா கத்தியைக் கீழே வைத்தாள். மழைக்கு முன் பாத்திக்கு மேல் தார்ப்பாய் கட்டினார்கள். கத்தரி நாற்று கேட்டு வருபவர்களுக்கு ஜாபர் நின்ற இடத்திலிருந்தே மராத்தியில் விலை சொன்னார். யாரும் கூடுதலாக எதுவும் கேட்கவில்லை. அந்த மாதக் கடைசியில் ஹபீபா வீட்டைக் காலி செய்து, அடுப்பை நர்சரிக்குக் கொண்டுவந்தாள்.

"இன்னிக்கு என்ன ஆக்க?"

"மீன் கிடைச்சாப் பாரு" என்றார் ஜாபர்.