பாஸ்கலின் தராசில் ஏறிய பெட்டி

சொஃப்கா ஸ்வீடனுக்குப் போகிற விஷயம் எங்கள் குடியிருப்பு முழுக்கப் பரவியதற்கு நான் காரணமில்லை. நான் மென்காவிடம் மட்டும்தான் சொன்னேன். மென்கா எத்தனை பேரிடம் சொன்னாள் என்பது அவள் பாடு.

சொஃப்கா இரண்டாவது மாடியில் இருக்கிறாள். ஐம்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, தையல் வேலை. ப்ரிலெப் ஊரில் பாதிப் பேருடைய கால்சட்டையை அவள்தான் பிடித்துத் தைத்திருக்கிறாள், பிறகு அவளே பிரித்தும் விட்டிருக்கிறாள். யாருக்கு எத்தனை அங்குலம் பிரித்தாய் என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்கமாட்டாள். அந்த ஒரு குறையைத் தவிர நல்ல மனுஷி.

அவளுடைய தங்கை லீலே மால்மோவில் பல் வைத்தியர் ஒருவரிடம் வேலை பார்க்கிறாள். நாற்பத்தாறு வயதில் அவளுக்குத் திடீரென்று கல்யாணம். மாப்பிள்ளை அந்த ஊர்க்காரர், பஸ் ஓட்டுகிறார், எண்பது வயதில் ஓர் அம்மா உண்டு. சொஃப்கா தைக்கும்போது போனை ஒலிபெருக்கியில் போட்டுவிடுவாள். நான் ஜன்னலோரம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்ததால் காதில் விழுந்தது.

"அக்கா, எனக்குத் துணி வேணாம், பாத்திரம் வேணாம். மூணு பாட்டில் ஐவார் மட்டும் கொண்டா. பெரிய பாட்டிலா. கல்யாண மேசையில எங்க அக்கா கையால செஞ்ச ஐவார் இருக்கும்னு அவங்க அம்மாகிட்ட அளந்துட்டேன். அது நாப்பது பேருக்குத் தெரிஞ்சுபோச்சு. மானத்தக் காப்பாத்து."

எங்களுக்கு ஐவார் செய்வது செப்டம்பர் மாதம். வீட்டுக்கு முப்பது கிலோ சிவப்புக் குடைமிளகாய் வாங்கி, முற்றத்தில் சுட்டு, தோலை உரித்து, அரைத்து, எண்ணெயில் அரைநாள் கிளறுவோம். அந்த மாதம் முழுக்க எங்கள் கட்டடத்தில் துணி காயப்போட முடியாது, எல்லாம் புகைநாற்றம். மிளகாய் எல்லாருக்கும் ஒரே ஆளிடம்தான். கீழ்வீட்டு பாஸ்கல் சந்தையில் கடை போட்டிருக்கிறான். பெண்டாட்டி போய்ப் பன்னிரண்டு வருஷம். மிளகாயை மட்டும் நேராகப் பார்ப்பான், மனுஷர்களிடம் பேசும்போது பார்வை தரையில் இருக்கும்.

இதில் ஒரு புதிர் இருந்தது. அதே பாஸ்கல், அதே மிளகாய், அதே முப்பது கிலோ. ஆனால் வருஷா வருஷம் மென்காவைவிட சொஃப்காவுக்கு இரண்டு பாட்டில் அதிகமாக வரும். சொஃப்காவின் எதிர்வீட்டுக்காரியான மென்கா இதைப் பதினொரு வருஷமாகத் தாங்கிக்கொண்டிருந்தாள்.

"கத்திரிக்காய் கலக்குறா, டோன்கா," என்பாள் என்னிடம். "ராத்திரியோட ராத்திரியா தோல் சீவிப் போட்டுடுறா."

எங்கள் ஊரில் ஒருத்தியைப் பார்த்து ஐவாரில் கத்திரிக்காய் கலக்குகிறாள் என்று சொல்வது லேசான பேச்சில்லை. அதனால் நானும் அதை ரொம்பப் பேரிடம் சொல்லவில்லை.

கிளம்புகிற நாள் மதியம் சொஃப்கா வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. அதுதான் வழக்கம். வெளிநாடு போகிறவள் பெட்டியைத் தரையில் விரித்து வைக்கவேண்டும், கட்டடத்தில் அங்கே ஆள் இருக்கிற ஒவ்வொருவரும் ஒரு பொட்டலத்தோடு வருவார்கள், வேண்டாம் என்று சொல்லக்கூடாது. நாலாவது மாடியில் ஒருத்தி முன்பு சொல்லிப் பார்த்தாள். அடுத்த வருஷம் வீட்டை விற்றுவிட்டுப் போனாள்.

நான் போனபோது அவள் மூன்று பாட்டிலையும் கம்பளிக் காலுறைக்குள் நுழைத்து, துண்டில் சுற்றி, பெட்டியின் நட்டநடுவில் தொட்டில் குழந்தை மாதிரி படுக்க வைத்திருந்தாள். சுற்றிலும் தலையணை கொடுத்தாற்போல் அவள் துணிகள்.

"கையில கொண்டுபோயேன்," என்றேன்.

"விடமாட்டாங்கக்கா. கொழகொழன்னு இருக்கிறதெல்லாம் தண்ணிக் கணக்காம். போன வருஷம் வாத்தியார்கிட்ட புடுங்கிக் குப்பையில போட்டாங்களே."

க்ளிகோர் வாத்தியார் முதல் மாடி. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். அவர் அண்ணன் மகனுக்கு அரை லிட்டர் ரக்கியா சாராயத்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவந்தார். மென்கா தன் மகனுக்கு ஒன்றரைக் கிலோ மொச்சை, ஒரு பை மிளகாய்த்தூள், பின்னல் சட்டை ஒன்று. நான் என் சித்தி மகளுக்குக் கொஞ்சம் உலர்ந்த மிளகாயும் ஒரு ஜோடி செருப்பும்தான். மற்றவர்களைப்போல மூட்டை மூட்டையாகக் கொடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை. எல்லாவற்றுக்கும் சொஃப்கா, "வைங்க, வைங்க," என்றாள். பெட்டியை மூட நான் அதன்மேல் உட்காரவேண்டியிருந்தது. நான் உட்கார்ந்தும் போதாமல் மென்காவும் உட்கார்ந்தாள்.

விமானத்தில் இருபத்துமூன்று கிலோவுக்கு மேல் ஏற்றமாட்டார்கள். அவ்வளவு பெரிய பெட்டியை நிறுக்க எங்கள் கட்டடத்தில் ஒரே வழி, பாஸ்கலின் கொக்கித் தராசு. மிளகாய் மூட்டையை மாட்டித் தூக்குகிற முள் தராசு அது. முற்றத்தில் கம்பளம் தட்டுகிற இரும்புக் கம்பியில் அதைத் தொங்கவிட்டு, பாஸ்கல் பெட்டியை மாட்டினான். எல்லாரும் முள்ளைப் பார்த்தோம்.

"இருபத்தஞ்சேகால்," என்று படித்தார் வாத்தியார்.

சொஃப்காவின் முகம் விழுந்துவிட்டது.

"கல்யாணத்துக்கு ரெண்டு ஜோடி செருப்பு எதுக்கு?" என்றாள் மென்கா. "ஒண்ண எடு."

"அந்தக் கோட்டு எதுக்கு? அங்க குளிராது இப்போ," என்றேன் நான்.

யாரும் தங்கள் பொட்டலத்தைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஒரு ஜோடி செருப்பு என்ன கனத்துவிடப்போகிறது?

சொஃப்கா பெட்டியைத் தரையில் இறக்கித் திறந்தாள். ஒரு செருப்பை எடுத்துப் பார்த்தாள், திரும்ப வைத்தாள். அதில் கால் கிலோகூடக் குறையாது. மொச்சைப் பையைத் தொட்டாள், மென்கா வானத்தைப் பார்த்தாள். கடைசியில் நடுவில் கையைவிட்டு, துண்டைப் பிரித்து, ஒரு ஐவார் பாட்டிலை எடுத்தாள். பிறகு இன்னொன்று. பெட்டி மறுபடி கொக்கியில் ஏறியது. இருபத்திரண்டே முக்கால்.

"பாரு, சரியாப்போச்சு," என்றாள் மென்கா.

"ஆமா, சரியாப்போச்சு." சொஃப்கா இரண்டு பாட்டிலையும் இடுப்பில் கட்டியிருந்த துணியால் துடைத்தாள். ஒன்றை மென்கா கையில் கொடுத்தாள், இன்னொன்றை வாத்தியாரிடம். "நீங்க சாப்பிடுங்க. வீட்ல வெச்சா எனக்குப் பாக்கப் பாக்க வயிறெரியும்." மென்கா பாட்டிலை வெயிலில் பிடித்துக் கத்திரிக்காய் விதை தெரிகிறதா என்று பார்த்தாள்.

இங்கே நான் ஒன்று சொல்லியாகவேண்டும். பாஸ்கலின் தராசு கூடுதலாகக் காட்டும் என்பது எனக்குத் தெரியும். என் சமையலறைத் தராசில் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்துப் பார்த்து ஆறு வருஷம் ஆகிறது. முப்பது கிலோ என்று கொடுப்பான், இருபத்தேழுதான் தேறும். நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. என்னாலும் ரகசியம் காக்க முடியும் என்பதற்கு இதுவே சாட்சி. ஒவ்வொரு வருஷமும் மூட்டையை வாங்கிக்கொண்டு, "பாஸ்கல், தராசு சௌக்கியமா?" என்று மட்டும் கேட்பேன். அவன் வாய் பேசாமல் இரண்டு கை மிளகாய் அள்ளிப் போடுவான். இப்போது நான் வாயைத் திறந்தால் அந்த இரண்டு கையும் போகும். தவிர, சொல்லவேண்டியவன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். சொல்கிறானா பார்ப்போம் என்று நின்றேன்.

பாஸ்கல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காது மட்டும் சிவந்துகொண்டே வந்தது.

சொஃப்கா போனை எடுத்தாள். "லீலேகிட்ட இப்பவே சொல்லிடறேன், ஒரு பாட்டில்தான்னு. அந்தக் கிழவிகிட்ட சமாளிக்க அவளுக்கும் நேரம் வேணுமில்ல." எண்ணைத் தேட ஆரம்பித்தாள்.

"போனை வை," என்றான் பாஸ்கல்.

எல்லாரும் திரும்பினோம்.

"பாட்டில் ரெண்டையும் உள்ள வை, சொஃப்கா. ஏத்துவாங்க."

"எப்படி ஏத்துவாங்க? நீதானே நிறுத்த?"

"நான்தான் நிறுத்தேன். ஆனா என் தராசு..." துண்டால் கழுத்தைத் துடைத்தான். "கொஞ்சம் அதிகமாக் காட்டும்."

ஐந்தாவது மாடியில் யாரோ கம்பளம் உதறிக்கொண்டிருந்தார்கள், அது நின்றது.

"எவ்வளவு அதிகமா?" மென்கா மெதுவாகத்தான் கேட்டாள். அவள் மெதுவாகக் கேட்டால் எனக்கே பயமாக இருக்கும்.

"பத்துக்கு ஒண்ணு. நான் ஒண்ணும் பண்ணல. ஸ்பிரிங்கு தானா இளகிடுச்சு."

"எப்போ இளகிச்சு?"

"பதினோரு வருஷம் இருக்கும்."

"இறுக்கலாம்ல?"

"இறுக்கலாம்தான்," என்றான் பாஸ்கல் தரையிடம்.

மென்கா கையிலிருந்த பாட்டிலை ஓங்கிவிட்டாள். ஐவார் ஆயிற்றே என்று அவளே இறக்கிக்கொண்டாள். "பொய்த் தராசு சொன்னதை நம்பித்தான் பெட்டியக் கட்டினோம். இப்போ பொய்த் தராசுக்காரன் சொல்றத நம்பி மறுபடி கட்டணுமா? அங்க போய் நிறுத்துக் கூடிப்போச்சுன்னா? இவ பாட்டில குப்பையில போடுவாங்க, நீயா பொறுக்கி எடுப்ப?"

அது நியாயமான கேள்வி. சொஃப்கா எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். வண்டி வர இன்னும் ஒரு மணி நேரம். அப்போதுதான் நான் மாடிக்குப் போனேன். இரண்டு கை மிளகாய் போனால் போகட்டும், அந்தப் பெண் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஜாமுக்கு வாங்கி வைத்த சர்க்கரை, பிரிக்காத ஒரு கிலோப் பொட்டலம் ஐந்து, பையில் போட்டுக் கொண்டுவந்தேன்.

"மாட்டு," என்றேன்.

முள் ஐந்தரையில் நின்றது.

வாத்தியார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "அஞ்சு, அஞ்சரை. அப்போ இருபத்துமூணுன்னா இதுல இருபத்தஞ்சு புள்ளி மூணு காட்டணும். பெட்டி இருபத்தஞ்சேகால். ஏறும்மா. ஒரு கைக்குட்டை வைக்கிற அளவுக்கு இடமும் இருக்கு."

சொஃப்கா வாத்தியார் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கினாள். மென்காவிடமிருந்து பிடுங்கக் கொஞ்சம் நேரமானது. இரண்டும் காலுறைக்குள் போய், துண்டுக்குள் போய், பழைய இடத்தில் படுத்துக்கொண்டன.

வாத்தியார் இன்னும் கணக்கை விடவில்லை. "வருஷத்துக்குக் கிட்டத்தட்ட மூணு கிலோ, பதினோரு வருஷம்... மென்கா, உனக்கு முப்பது கிலோ வரணும். முழுசா ஒரு வருஷத்து ஐவார்."

"கேட்டியா சொஃப்கா? உனக்கும் அதே முப்பது கிலோ போச்சு!" மென்காவுக்குத் துணை வேண்டியிருந்தது.

சொஃப்கா பெட்டிப் பூட்டை அழுத்திவிட்டு நிமிர்ந்தாள். "எனக்கும் குறைச்சுத்தான் கொடுத்தியா, பாஸ்கல்?"

"உனக்கு இல்ல," என்றான். "நிறுத்து முடிச்சதும் உன் மூட்டையில மூணு கிலோ சேத்துக் கட்டிடுவேன். சில வருஷம் மூணரை."

"எதுக்கு?"

பாஸ்கல் பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாகத் தரையை விட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தான், உடனே மறுபடி குனிந்துகொண்டான்.

இரண்டு பாட்டில் அதிகம்! கத்திரிக்காயாவது மண்ணாவது. மென்கா வாய் திறந்தபடி நின்றாள், நானும்தான். இந்தக் கட்டடத்தில் யார் வீட்டில் எந்தக் குழாய் ஒழுகுகிறது என்றுகூட எனக்குத் தெரியும். என் ஜன்னலுக்குக் கீழே பதினொரு செப்டம்பர் மாதம் ஒருத்தன் ஒருத்திக்கு மூன்று கிலோ மூன்று கிலோவாக மனதைக் கட்டிக் கொடுத்திருக்கிறான், எனக்குத் தெரியவில்லை. எனக்கு விழுந்த இரண்டு கை மிளகாயைப் பெரிதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்போ நான் கத்திரிக்காய் போடல," என்றாள் சொஃப்கா மென்காவைப் பார்த்து.

"நான் எப்போடி அப்படிச் சொன்னேன்? டோன்கா சொல்லியிருப்பா."

நான் அந்த இடத்தில் பெருந்தன்மையாக இருந்துவிட்டேன்.

நாலு மணிக்கு வண்டி வந்தது. பயணம் கிளம்புகிறவர் பின்னால் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றுவோம், தண்ணீர் ஓடுகிற மாதிரி வழி தடையில்லாமல் போகட்டும் என்று. அதை வீட்டு மனுஷர்கள்தான் செய்யவேண்டும். சொஃப்காவுக்கு வீட்டில் யாருமில்லை, அதனால் நான் செம்போடு தயாராக நின்றேன். வண்டி நகர்ந்ததும் எனக்கு முன்னால் சளார் என்று ஒரு சத்தம். பாஸ்கல் மிளகாய் கழுவுகிற வாளியை அப்படியே கவிழ்த்திருந்தான். பாதித் தண்ணீர் தெருவில், மீதி என் செருப்பில். நான் செம்பைத் திரும்பக் கொண்டுபோய் ஜன்னல் செடிக்கு ஊற்றினேன்.

சாயங்காலம் ஸ்கோப்யே விமான நிலையத்திலிருந்து சொஃப்கா கூப்பிட்டாள். பெட்டி இருபத்திரண்டு புள்ளி ஒன்பது. மூன்று பாட்டிலும் உள்ளே போய்விட்டன. இந்தச் செய்தியை முதலில் எனக்கல்லவா சொல்லியிருக்கவேண்டும்? என் சர்க்கரையில் தீர்ந்த விஷயம். பாஸ்கலுக்குத்தான் கூப்பிட்டிருக்கிறாள். அதுவும் இருபத்தைந்து நிமிஷம். ஓர் எடையைச் சொல்ல அவ்வளவு நேரம் ஆகாது.

அடுத்த சனிக்கிழமை சந்தையில் பாஸ்கல் கடையில் புதுத் தராசு தொங்கியது. மென்கா அவனிடம் இனிமேல் வாங்கமாட்டேன் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு, எல்லாருக்கும் முன்னால் வரிசையில் நின்றாள். நிறுத்து முடித்ததும் பையை மூடவிடாமல் அகலமாகப் பிடித்துக்கொண்டாள். அவன் ஒரு கை அள்ளிப் போட்டான். அவள் நகரவில்லை. இன்னொரு கை. அவளுக்குப் பின்னால் நின்ற வாத்தியாரும் தன் பையின் வாயைப் பிரித்துத் தயாராக வைத்திருந்தார்.

என் முறை வந்ததும், "தராசு சௌக்கியமா?" என்றேன்.

"சௌக்கியம், டோன்காக்கா," என்றான் நிமிர்ந்து, சிரித்தபடி. ஒரு மிளகாய்கூடக் கூடுதலாகப் போடவில்லை. கல்யாண மேசையில் அந்த எண்பது வயதுக் கிழவி பாட்டிலை ரொட்டியால் வழித்துத் தின்றாளாம், மூன்றாவது பாட்டிலைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாளாம், சொஃப்கா வியாழக்கிழமை வருகிறாளாம், விமான நிலையத்துக்குத் தானே வண்டி எடுத்துக்கொண்டு போகிறானாம். அத்தனையும் நான் கேட்காமலே அவனே சொன்னான்.