தட்டாதடா, கோல்பி

டொலிடோவின் அமெரிக்கக் கால்பந்து அணியில் வெண்டெல் புரூசார்டின் பொறுப்பில் இருந்தது ஒரே ஒரு ஆள். குவாட்டர்பேக் கோல்பி ரெனிக். ஆட்டத்தை நடத்துகிறவன், பந்தை எறிகிறவன், தோற்றால் ஊர் முழுக்க ஏச்சு வாங்குகிறவன். அணிக்கு வந்து மூன்று வருடத்தில் அவனுக்கு வெண்டெல் மூன்றாவது பயிற்சியாளர். முதல் ஆள் அவன் தோளைத் தாழ்த்தினார். அடுத்த ஆள் தோளை உயர்த்திவிட்டுக் காலைப் பிடித்துக்கொண்டார். ஆளாளுக்கு வைத்தியம் பார்த்ததில் பையன் எறியவே பயந்துபோயிருந்தான்.

வெண்டெல் தோளையும் காலையும் அவன் இஷ்டத்துக்கு விட்டுவிட்டார். கை வைத்தது ஒன்றில்தான். எறிவதற்கு முன் கோல்பி இடது உள்ளங்கையால் பந்தை ஒரு தட்டுத் தட்டுவான். பள்ளிக்கூடத்தில் ஆடிய காலத்துப் பழக்கம். பந்தை மறிக்கக் காத்திருக்கும் எதிரணித் தடுப்பாளர்களுக்கு அதைவிட என்ன வேண்டும்? தட்டினான் என்றால் பந்து வருகிறது என்று அர்த்தம், பாய்ந்துவிடுவார்கள்.

கோல்பியின் தலைக்கவசத்துக்குள் சின்ன ஒலிபெருக்கி உண்டு. ஒவ்வொரு முறையும் என்ன ஆட வேண்டும் என்று வெண்டெல் அதில் சொல்வார். ஒவ்வொரு ஆட்டத்தையும் தொடங்கக் கொடுக்கும் நேரத்தில் பதினைந்து வினாடி மிச்சம் இருக்கும்போது பேச்சு தானாக அறுந்துவிடும், அது லீக்கின் விதி. அறுவதற்குள் கடைசியாக ஒரு "தட்டாதடா" சொல்லாவிட்டால் வெண்டெலுக்குத் தலை வெடித்துவிடும்.

வெள்ளிக்கிழமைகளில் கோல்பிக்குச் சாப்பாடு வெண்டெல் வீட்டில்தான். லூயிசியானாக்காரரான அவர் அடுப்பை விட்டு நகராமல் கிண்டிய இறால் கம்போ, அவர் ஊர்க் குழம்பு. கோல்பி காரச் சாஸ் பாட்டிலின் அடியைத் தட்டுவான்.

"தட்டாதடா."

"இது சாஸ் பாட்டில் கோச்."

"பழக்கம்னா எல்லாத்துலயும்தான் வரும். சும்மா சாய்ச்சு ஊத்து."

வருடத்தின் கடைசி ஆட்டத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை அவனுக்குச் சோறு இறங்கவில்லை. தோற்றால் பயிற்சியாளர்கள் மொத்தப் பேரையும் திங்கட்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாக முதலாளி சொல்லிவிட்டிருந்தார்.

"நாலாவதா ஒருத்தர் வருவாரு. என் முழங்கை சரியில்லம்பாரு" என்றான் கோல்பி. "ஜெயிச்சே ஆகணும் கோச். எனக்கு நீங்கதான் வேணும்."

"தின்னுடா முதல்ல" என்றார் வெண்டெல். அதற்கு மேல் பேசியிருந்தால் அழுதிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை ஏரிக்காற்றோடு பனி கொட்டியது. நான்கு புள்ளி பின்தங்கியிருந்தார்கள், கடைசி எறிவு ஒன்றுதான் பாக்கி. எல்லைக்கோட்டுக்கு அப்பால் ஒருத்தன் அதைப் பிடித்தால் ஆறு புள்ளி, ஜெயித்துவிடலாம். வெண்டெல் ஆட்டத்தைச் சொல்லி முடித்தார். "தட்டாதடா" நாக்கு நுனி வரை வந்தது. பையன் வருடம் முழுக்கக் கேட்டுச் சலித்தது, இப்போதாவது நிம்மதியாக எறியட்டும் என்று விழுங்கிவிட்டு, "நீ நல்லா ஆடுறடா" என்றார். பேச்சு அறுந்தது.

பந்து கைக்கு வந்தது. கோல்பி நின்றான், பார்த்தான், தட்டினான்.

பாவி, கெடுத்தானே என்று வெண்டெல் தலையில் அடித்துக்கொண்டார். எல்லைக்கோட்டு மூலையைக் காவல் காத்த தடுப்பாளன் அவன் தட்டியதைப் பார்த்ததும் முன்னால் பாய்ந்தான். ஆனால் பந்து இன்னும் கோல்பியின் கையை விட்டுப் போகவில்லை. பாய்ந்தவன் திரும்புவதற்குள் அவன் தலைக்கு மேலாக, காலியாகக் கிடந்த மூலைக்குப் பந்து பறந்தது. அதைப் பிடிக்க அங்கே ஓடி வந்த சக ஆட்டக்காரன் டெவோனின் மார்பிலேயே போய் விழுந்தது. ஈரக் கையில் வழுக்கி, பனியில் உருண்டது.

தோற்றார்கள். அழுதுகொண்டிருந்த டெவோனைத் தோளில் சாய்த்துக்கொண்டு கோல்பி வெளியே வந்தான்.

"ஏண்டா தட்டின?" என்றார் வெண்டெல்.

"தட்டினா பாஞ்சு வருவானுங்கன்னு நீங்கதான சொல்லிட்டே இருந்தீங்க? வரட்டும்னுதான் தட்டினேன்."

நிறுத்து என்றுதான் வெண்டெல் சொல்லிக் கொடுத்தார். அதையே வைத்து ஆளை ஏமாற்றலாம் என்பதைப் பையன் தானாகக் கண்டுபிடித்திருக்கிறான். வேலை போகப்போகிறது என்று தெரிந்தும் அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

திங்கட்கிழமை காலையிலேயே சொல்லிவிட்டார்கள். கோல்பி தன் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். பெட்டிகளை அவனே ஏற்றினான், ஒன்றையும் அவரைத் தொட விடவில்லை. கடைசியில் கம்போ சட்டி இருந்த பெட்டி. அதைத் தூக்குவதற்கு முன் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினான்.

"தட்டாதடா" என்றார் வெண்டெல்.

கோல்பி பெட்டியைத் தூக்கவில்லை. குனிந்தபடியே நின்றான்.

"இன்னொரு தடவ சொல்லுங்க கோச்."