பூவிழியைப் படித்த பாசேஜ்

கல்லூரி நுழைவுத் தேர்வில் ஓர் ஆங்கிலப் பாசேஜ், அதாவது படித்து விடையளிக்கக் கொடுக்கும் உரைப்பகுதி, மாணவரைப் பன்னிரண்டு நிமிடம் படித்துப் பார்த்துவிட்டு, அவரைப் பற்றிய பத்துக் கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும். எட்டு விடைகள் சரியாக இருந்தால் மாணவர் தேர்ச்சி. எந்தக் கல்லூரி வேண்டும் என்று தனியாக விண்ணப்பிக்கும் வழக்கம் இல்லை. ஏழாவது கேள்வியே அதுதான்: 'மேற்கண்ட மாணவர் எந்தக் கல்லூரிக்குப் போக விரும்புகிறார்?' பாசேஜ் விடைத்தாளில் எந்தக் கட்டத்தை மை தீட்டிக் கருக்குகிறதோ அந்தக் கல்லூரியில் இடம். தவறாகக் கருக்கினாலும் அதே கல்லூரிதான். நான்கு வருடமும் அங்கேயேதான் படித்து முடிக்க வேண்டும்.

நாமக்கல்லில் சித்திரை மாதம் பிறந்ததும் பயிற்சி மையத்து வாசலில் லாரி வந்து நிற்கும். தார்ப்பாயை விலக்கினால் உள்ளே பாசேஜ்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அந்த வருடம் தேர்வுக்கு நிற்கவிருந்த பூவிழி விடிவதற்கு முன்பே குளித்து, சீவி, பொட்டு வைத்து, லாரி வருவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே போய் நின்றுவிட்டாள். சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். அவள் தோழி சுகிர்தாவுக்குத் தேனீக்களைப் பற்றிய பாசேஜ் வந்தது. அது ஓரிடத்தில் நிற்காது, சர்க்கரை டப்பாவை மூடி வைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். பூவிழிக்கு வந்தது பனிக்கட்டி வியாபாரம். நானூற்றுப் பன்னிரண்டு சொற்கள், நான்கு பத்திகள். அந்தக் காலத்தில் குளிர் நாட்டு ஏரிகளில் உறைந்த பனியை அறுத்து, கப்பலில் ஏற்றி, வெயில் நாடுகளுக்கு அனுப்பிய கதை அது.

பூவிழியின் அப்பா நாச்சிமுத்து லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். பெரிய பெரிய சாமான்களை அலுங்காமல் ஏற்றி இறக்கிப் பழக்கம். பாசேஜைத் தன் பைக்கில் நடுவில் உட்கார வைத்து, பின்னால் மகளை ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நான்காம் பத்தி சைலன்சரில் பட்டுவிடாமல் பூவிழி மடக்கிப் பிடித்துக்கொண்டாள். 'எனினும்' என்று தொடங்குகிற பத்தி அது. அதுவரை சொன்னதையெல்லாம் ஒரே போடாக மாற்றிப் போடுகிற சுபாவம் அதற்கு உண்டு.

வீட்டில் அதைக் கூடத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பனிக்கட்டிப் பாசேஜ் என்பதால் அதைச் சுற்றி நாலடிக்கு ஜில்லென்று இருந்தது. கத்திரி வெயிலில் இது போதாதா? தெருவே திரண்டு வந்துவிட்டது. பூவிழியின் அம்மா தங்கமணி தைக்கிற மெஷினை அதன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். வந்தவர்களிடமெல்லாம், "ரெண்டாம் பத்திகிட்ட உக்காருங்க, அங்கதான் காத்து நல்லா வருதுங்க" என்று உபசரித்தாள்.

பயிற்சி மையத்து ஜெயசீலன் சார் தெளிவாகச் சொல்லியிருந்தார். "பாசேஜ் படிக்கறப்ப ஆடக்கூடாது, பேசக்கூடாது. தும்மினா அதுக்கு வரி விட்டுப்போயிரும். முக்கியமா, ஆளுக்கு ஒரே ஒரு மையக் கருத்துதான் இருக்கோணும். மனசுல ரெண்டு வெச்சுக்கிட்டுப் போனவன் போன வருஷம் ஊத்திக்கிட்டான். விடையை வாய்விட்டுச் சொல்லிக் குடுக்கறது காப்பியடிக்கற மாதிரி. புரியற மாதிரி நிக்கறது உங்க பாடு."

தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மாதிரித் தேர்வு. பூவிழி சுவரோரமாக நிற்பாள். பாசேஜ் எதிரே நின்று, வகிட்டில் தொடங்கி இடமிருந்து வலமாக, வரி வரியாகக் கால் நகம் வரை படித்துக்கொண்டே வரும். முதல் வாரம் மூன்று சரி. நெற்றியிலேயே தடுக்கி நின்றது. இரண்டாவது வாரம் ஐந்து. தினம் கூடவே இருந்து வீட்டுப் பேச்சும் அதற்குப் பழகிவிட்டது. ஐந்தாவது கேள்வி அகராதிப் பொருள்: 'தந்தையிடம் மாணவி கூறும் "செரீங்கப்பா" என்பதன் நெருங்கிய பொருள் யாது?' முதலில் 'சம்மதம்' என்று போட்டுத் தோற்றுக்கொண்டிருந்த பாசேஜ், ஒரு செவ்வாய்க்கிழமை தானாகவே 'பிறகு பார்க்கலாம்' என்று கருக்கிவிட்டது. பூவிழிக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் பகீர் என்றது. பக்கத்திலேயே நின்றிருந்த அப்பா விடைத்தாளில் ஏ, பி, சி எழுத்துகளை மட்டும் பார்த்து டிக் போட்டதால் தப்பித்தாள்.

மூன்றாவது வாரம் ஒன்பது சரி. தெருவில் கை தட்டினார்கள். ஆனால் அந்த ஒன்று, அந்த ஏழாவது, மசியவே இல்லை. தினமும் பயிற்சி மையத்திலிருந்து உறையில் விடைகள் வரும். தேர்வுத் துறையிடம் எல்லா மாணவர்களின் சரியான விடைகளும் ஏற்கெனவே இருந்தன. உறையில் வெறும் எழுத்துதான் இருக்கும், எந்த எழுத்து எந்த விடை என்பது தினம் மாறிக்கொண்டிருக்கும். நாச்சிமுத்து ஒத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார்.

"உள்ளூர் காலேஜைக் கண்டுபிடிக்க இதுக்கு என்ன கேடு? பஸ் ஏறினா இருபது நிமிசம். மத்தியானச் சோத்துக்கு ஊட்டுக்கே வந்துட்டுப் போலாம். இது எங்க கொண்டுபோய்க் கருக்குதுன்னே தெரியல!"

பாசேஜ் தினமும் உள்ளூர் கல்லூரியைத்தான் கருக்கிக்கொண்டிருந்தது. அது பூவிழிக்குத் தெரியும். சரியான விடை வடக்கே, இரண்டு பகல் ஓர் இரவு ரயிலில் போக வேண்டிய ஊரில் இருந்தது. மலையடிவாரத்தில் ஒரு கல்லூரி. நிலநடுக்கத்தைப் பற்றிப் படிக்கும் படிப்பு. அதை நினைத்தாலே அவளுக்கு உள்ளங்கை குறுகுறுக்கும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அவளுடைய மையக் கருத்து அது ஒன்றுதான். ஆனால் அதை அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தால் வார்த்தை வராது. தினமும் சாப்பிட உட்காரும்போது, "உள்ளூர் காலேஜ்தான், செரியா கண்ணு?" என்பார் அவர். "செரீங்கப்பா" என்பாள் இவள். பாசேஜ் நாற்காலியிலிருந்து இதைக் குறித்துக்கொள்ளும். 'பிறகு பார்க்கலாம்' என்று புரிந்தாலும், வேறு ஊர் எதுவும் காதில் விழாதபோது பாவம், அது மட்டும் என்ன செய்யும்?

தேர்வுக்கு முந்தின நாள் பாசேஜ் அவளைக் கூப்பிட்டது. "மேற்கண்ட மாணவி ஏழாவது கேள்வி குறித்து எங்கும் எதுவும் குறிப்பிடவில்லைங்க" என்றது. குரல் தாழ்ந்திருந்தது. "நான் என்னத்தைப் புடிச்சுக்கிட்டுக் கருக்கறதுங்க?"

நான்கு வருடம், இருபது நிமிட பஸ், மத்தியானச் சோறு. பூவிழி அழுகையை அடக்கிக்கொண்டு அதன் எதிரே சும்மா உட்கார்ந்தாள். அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஒரு மாதமாக அது தன்னைப் படித்துக்கொண்டிருக்கிறது. தான் அதை ஒரு நாளும் படித்துப் பார்த்ததில்லை. யாரும் படிப்பதில்லை, அது பாடத்திட்டத்தில் இல்லை. அகராதியை எடுத்து வைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து தொடங்கினாள். இரண்டு பத்தி தட்டுத் தடுமாறிப் போனது. மூன்றாம் பத்தியில் துறைமுகம் வந்தது. கப்பலில் பனிக்கட்டி யார் கண்ணுக்கும் தெரியாது, மேலே மலை மாதிரி மரத்தூள் கொட்டி மூடியிருப்பார்கள். ஆனால் கரையில் நின்ற சுமைகூலிகளுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மரத்தூள் எவ்வளவு தடிமன் என்று பார்த்தாலே போதும். உள்ளே இருப்பது என்ன, எவ்வளவு சூடான ஊருக்குப் போகிறது என்று சொல்லிவிடுவார்கள்.

பூவிழி அந்த வரியை மூன்று தரம் படித்தாள். எழுந்து கூடத்தைச் சுற்றி வந்தாள். மறுபடி உட்கார்ந்து படித்தாள். அவளுக்குச் சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. "புரியுதுங்க! எனக்குப் புரியுதுங்க!" என்று பாசேஜின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அது எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் குலுக்கிக்கொண்டது.

மறுநாள் காலை வெயில் எட்டு மணிக்கே சுள்ளென்று ஏறியிருந்தது. நாச்சிமுத்து பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அறைக்குள்ளிருந்து பூவிழி வெளியே வந்தாள். கழுத்து வரை பொத்தான் போட்ட கம்பளி ஸ்வெட்டர். அரக்கு நிறம், முழுக்கை. ஊட்டிக்குச் சுற்றுலா போன சுகிர்தாவிடம் சொல்லி வாங்கி, ஒன்றரை வருடமாகக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தது.

தங்கமணி மெஷினை நிறுத்தினாள். தெருவில் நின்றவர்கள் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பரீட்சைக்குப் போகிறவர்களை இடையில் பேசிக் கலைக்கக்கூடாது.

நாச்சிமுத்து துணியைக் கீழே வைத்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. பாசேஜ் எதையும் அவர் படித்ததில்லை. மகளை வகிட்டிலிருந்து பார்க்கத் தொடங்கினார். ஸ்வெட்டருக்கு வந்ததும் நின்றார். மேலே போனார், மறுபடி கீழே வந்தார். பூவிழி ஆடவில்லை, கண்ணைத் தாழ்த்தவில்லை. 'செரீங்கப்பா' என்று சொல்லிவிடாமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். நெற்றியிலிருந்து வேர்வை ஒழுகியது. பன்னிரண்டு நிமிடம் ஆகியிருக்காது, இரண்டு நிமிடம்தான் இருக்கும்.

"எத்தன நாள் ரயிலு?" என்றார்.

"ரெண்டு பகல், ஒரு ராத்திரிங்கப்பா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கண் கலங்கித்தான் இருந்தது, மறைக்கவுமில்லை. பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, மகளின் கழுத்தைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை ஸ்வெட்டருக்குள் செருகிவிட்டார்.

"கழுத்து தொறந்து கெடக்குது, சாமி" என்றார். "அங்க காத்து அடிக்கும்ல."

தேர்வு மண்டபத்தில் முந்நூறு பேர் நின்றார்கள், எதிரே முந்நூறு பாசேஜ்கள். மணி அடித்ததும் படிக்கத் தொடங்கின. பூவிழியின் பாசேஜ் வகிடு, நெற்றி, மூக்கு எல்லாவற்றையும் மளமளவென்று கடந்து துண்டுக்கு வந்தது. நின்றது. ஸ்வெட்டரை ஒரு முறை படித்தது. முதலிலிருந்து திரும்பப் படித்தது. அதன் மூன்றாம் பத்தி மெல்ல அசைவதைப் பூவிழி பார்த்தாள். கடிகாரத்தில் மூன்று நிமிடம் இருந்தது, இரண்டு, ஒன்று. கடைசியில் நான்காம் பத்தி, அந்த 'எனினும்', எழுந்து நின்றது. பாசேஜ் குனிந்து ஏழாவது வரிசையில் ஒரு கட்டத்தை அழுத்தி அழுத்திக் கருக்கியது. எந்தக் கட்டம் என்று அவள் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை.

வெளியே லாரி தயாராக நின்றது. பாசேஜ்களை அடுத்த ஊருக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவளுடையது ஏறுவதற்கு முன் திரும்பிப் பார்த்தது.

"பத்திரமா போயிட்டு வாங்க, அம்மிணி" என்றது.

பூவிழி அந்த இடத்திலேயே குதித்தாள். சுகிர்தாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தாள். ஸ்வெட்டர் நனைந்து தொப்பலாகியிருந்தது, அதைக் கழற்றத் தோன்றவே இல்லை. பத்து நாளில் முடிவு வந்தது. ஒன்பது சரி. தவறிப்போனது மூன்றாவது கேள்வி, மாணவியின் தொனி. வேர்த்துக் கொட்டியதையும் கால் நடுங்கியதையும் பார்த்து பாசேஜ் 'அச்சம்' என்று கருக்கியிருந்தது. சரியான விடை 'குதூகலம்'.

அடுத்த வாரம் கல்லூரியிலிருந்து பதிவுத் தபாலில் ஒரு பெரிய கட்டு வந்தது. நாச்சிமுத்து கையெழுத்துப் போட்டு வாங்கினார். சேர்க்கைக் கடிதம் மேலே இருந்தது. அதன் கீழே, வெயில் ஊர்களிலிருந்து வரும் மாணவர்கள் முன்கூட்டியே பழகிக்கொள்வதற்காக, அந்த ஊர் ஜனவரி மாதத்திலிருந்து ஒரு வாரத்தை மடித்து வைத்து அனுப்பியிருந்தார்கள். பைக்கை ஓரமாக நகர்த்திவிட்டு, திங்கள் முதல் ஞாயிறு வரை வாசலில் வரிசையாக விரித்தார்கள். பக்கத்து வீட்டு வாசலையும் கொஞ்சம் பிடித்துக்கொண்டது. அவர்கள் கயிற்றில் காய்ந்துகொண்டிருந்த துணியை எடுத்துக்கொண்டார்கள்.

பூவிழி செருப்பை உதறிவிட்டு ஓடினாள். நாச்சிமுத்து கையை நீட்டித் தடுத்தார்.

"இரு கண்ணு. நான் மொதல்ல போய்ப் பாத்துட்டு வர்றேன். எவ்வளவு குளிருதுன்னு எனக்குத் தெரியோணும்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறும் உடம்போடு திங்கட்கிழமைக்குள் இறங்கினார். அங்கே சற்று நேரம் நின்றார். தோளைக் குறுக்கிக்கொண்டு செவ்வாய்க்குப் போனார். புதன்கிழமையில் அவர் வாயிலிருந்து புகை புகையாக மூச்சு வந்தது.

"போர்வ ரெண்டு வேணும், எழுதிக்க!" என்று அங்கிருந்து கத்தினார். "காலுக்குச் சாக்ஸு!"

பூவிழி எழுதிக்கொண்டாள். தங்கமணி உள்ளே போய்ச் சுக்குக் காப்பி போட்டு எடுத்து வந்தாள். அவர் வந்து சேர்வதற்குள் ஆறிவிடக்கூடாது என்று, தட்டால் மூடி, அவர் அடுத்து வரும் வியாழக்கிழமையில் வைத்துவிட்டு வந்தாள்.