பெயர் எழுதாத பொத்தான்கள்

அக்காவின் ஆஸ்பத்திரிக்கு இணையதளம் செய்தது அத்தான். அக்கா கால்நடை மருத்துவர். நாய், பூனை, கிளி, முயல் என்று வீட்டில் வளர்க்கிற எதுவும் அவளிடம் வரும். அத்தான் கட்டடங்களுக்கு ஏசி பொருத்தும் கம்பெனியில் மேலாளர். அவருக்கு இணையதளம் செய்யத் தெரியாது என்பது அவரைத் தவிர எல்லாருக்கும் தெரியும்.

திறந்ததும் ஒரு நாய் திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஓடும். அது ஓடி முடித்தால்தான் மற்றதெல்லாம் வரும். போகிற போக்கில் குரைத்துவிட்டும் போகும். பஸ்ஸில் உட்கார்ந்து திறந்தவர்கள் பக்கத்து சீட்டுக்காரரிடம் அசடு வழிய வேண்டியதுதான். பின்னணி இளம்பச்சை, அதன்மேல் எழுத்தும் பச்சை, கொஞ்சம் அழுத்தமான பச்சை. ஆஸ்பத்திரி எப்போது திறக்கும் என்று தெரிய வேண்டுமானால் ‘எங்கள் பயணம்’ என்ற பக்கத்துக்குப் போய், அக்கா கல்லூரியில் சேர்ந்த கதையையும் அத்தானைச் சந்தித்த கதையையும் தாண்டிக் கீழே இறங்க வேண்டும். நடுவில் அத்தானின் படம் வேறு. கையைக் கட்டிக்கொண்டு, ஏதோ அவர்தான் ஆபரேஷன் செய்கிறவர் போல.

தங்கைக்கு அது தீராத விருந்து. அவள் ஒரு பதிப்பகத்தில் பிழை திருத்துகிறவள். அலுவலகத்தில் அவளுக்கு ‘சிவப்பு மை’ என்று பட்டப்பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். அவளுக்கும் தெரியும், உள்ளூரப் பெருமை. அடுத்தவர் எழுத்தில் குற்றம் கண்டே சம்பளம் வாங்குகிறவள் அத்தானின் பச்சையைச் சும்மா விடுவாளா? அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் சாப்பாட்டு மேஜையில் அந்த இணையதளத்தைத் திறந்து வைத்துக்கொள்வாள்.

ஒருநாள் ஒரு பெண் பூனைக்கூடையோடு மழையில் வந்து, பூட்டிய கதவுக்கு முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டாள். மறுநாள் வந்து அக்காவைப் பிடிபிடியென்று பிடித்தாள். நேரமெல்லாம் இணையதளத்தில் போட்டுத்தான் இருக்கிறது, பார்க்கத் தெரியாதவர்களுக்கு யார் என்ன செய்ய முடியும் என்றார் அத்தான். தங்கை சிரித்தாள். சிரித்ததோடு விடாமல், பச்சையில் ஆரம்பித்துக் கட்டிய கைவரை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். அத்தானின் காது சிவந்தது. அக்கா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தபடியே தங்கையிடம் சொன்னாள்.

“வாய் கிழிய பேசறியே, நீயே ஒண்ணு செஞ்சு குடேன்.”

வந்த வம்பை விட முடியாது. தங்கை இணையதளம் வடிவமைக்கச் சொல்லிக்கொடுக்கும் ஒரு வகுப்பில் சேர்ந்தாள். தையற்கடைக்கு மேலே இருந்த அறை. கீழே மெஷின் ஓடினால் மேலே மேஜை நடுங்கும். சொல்லிக்கொடுத்தவர் மெல்லிய ஆள், கழுத்தில் எப்போதும் ஒரு கைக்குட்டை. “இடம் விடுங்க, மூச்சு விடட்டும்” என்பதை ஒரு நாளைக்குப் பலமுறை சொல்வார் என்பதால் அவருக்கு ‘மூச்சு’ என்று பெயர் வைத்தது தங்கைதான். கூடப் படித்தவர்களையும் அவள் விட்டுவைக்கவில்லை. உடற்பயிற்சிக்கூடம் நடத்துகிறவர் எல்லாவற்றையும் கறுப்பாக்கினார். கறுப்பின்மேல் சிவப்பில் எழுதினார். கல்யாண மேக்கப் போடும் பெண்ணின் எழுத்துகள் கொடி போலச் சுருண்டு, ‘அ’ எது ‘ஆ’ எது என்று அவளுக்கே தெரியாமல் போயிற்று.

ஆனால் மூச்சு சொன்னது எதுவும் தப்பில்லை. அதை ஒப்புக்கொள்ள அவளுக்குக் கசந்தது. எழுத்துக்கும் பின்னணிக்கும் நல்ல வித்தியாசம் வேண்டும். ஒரு பக்கத்தில் ஒன்றுதான் உரக்கப் பேச வேண்டும். உறவுள்ளவை பக்கத்தில் பக்கத்தில், உறவில்லாதவை தள்ளி. வருகிறவன் எதைத் தேடி வருகிறானோ அதை முதலில் வை. இவ்வளவுதான். இந்த நாலு வார்த்தை தலைக்குள் போனதும் அவளுக்குத் தெருவில் நடக்க முடியவில்லை. மருந்துக்கடைப் பலகை, லிஃப்ட் பொத்தான், பால் பாக்கெட் எல்லாமே அவளுக்கு எதிராகச் செய்த குற்றங்களாகத் தெரிந்தன. வங்கியில் பணம் எடுக்கும் இயந்திரத்தின் முன்னால் நின்று முணுமுணுத்தவளை, பின்னால் வரிசையில் நின்றவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

பிறகு அவளும் ஒன்று செய்தாள். வெள்ளை, எங்கும் வெள்ளை. நடுவில் ஒரு பூனையின் முகம். கீழே ஒரே வரிசையில் சின்னச் சின்னப் படங்கள்: ஒரு பாதம், ஒரு துளி, ஒரு வட்டம், வாலோடு ஒரு குமிழி. எழுத்தே கிடையாது. எழுத்து வந்தால் அழகு கெட்டுவிடுமாம். எழுத்தை வைத்துச் சோறு தின்கிறவள் சொன்னாள் இதை.

மூச்சு அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, இதைக் கண்ணால் பார்த்திராத ஒருவர் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் கவனிக்கச் சொன்னார். வாயைத் திறக்கக் கூடாது என்பதை மறுபடியும் சொன்னார். சடங்குக்குச் சொல்கிறார் என்று அவள் நினைத்தாள்.

சனிக்கிழமை காலையில் ஆஸ்பத்திரியில் ஒரு லாரி டிரைவர், காது வீங்கிய நாயோடு காத்திருந்தார். தங்கை போனை நீட்டி, நாய்க்குத் திடீரென்று உடம்புக்கு முடியவில்லை என்று வைத்துக்கொண்டு, இதில் பார்த்து ஆஸ்பத்திரிக்குப் போன் போடச் சொன்னாள். அன்றைக்கு விடுமுறை என்பதால் அத்தானும் அங்கே இருந்தார். ஏசியைப் பார்க்கிற சாக்கில் ஸ்டூல்மேல் ஏறி நின்றிருந்தார்.

டிரைவர் பூனையை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. பூனையின் கண்ணை அழுத்தினார். பிறகு பாதத்தைத் தொட, தடுப்பூசி விவரம் வந்தது. திரும்பி வந்து துளியைத் தொட, இரத்தப் பரிசோதனை. தங்கைக்கு நாக்கு துடித்தது. கையை மடியில் வைத்து நெரித்துக்கொண்டாள். டிரைவர் குமிழியின்மேல் விரலைக் கொண்டுபோய், பலூன் போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே விரலை எடுத்துவிட்டார். கடைசியில் போனை அவளிடமே கொடுத்தார்.

“அதோ சுவத்துல நம்பர் எழுதியிருக்கே. அதைப் பாத்தே பண்ணிடலாம்மா.”

“அந்த பலூன் மாதிரி இருக்கே, அதுதாங்க போன் பண்றதுக்கு.”

“அப்படின்னு அதுல எழுதிட்டா என்னம்மா?”

அத்தான் சிரிப்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. ஸ்டூலிலிருந்து நிதானமாக இறங்கினார்.

“என்னோடதுல நம்பராவது இருந்துச்சு.”

“எங்க இருந்துச்சு?”

“அடியில.”

குரல் உயர்ந்ததும் நாய் டிரைவரின் காலுக்கு நடுவே புகுந்துகொண்டது. இரண்டு பேரும் வெளியே போய்ச் சண்டை போடுமாறு உள்ளேயிருந்து அக்கா உத்தரவு போட்டாள்.

தங்கைக்கு முதலில் டிரைவர்மேல் கோபம் வந்தது. இவ்வளவு பெரிய வண்டி ஓட்டுகிற மனுஷனுக்கு ஒரு குமிழி புரியாதா? மறுநாள் எதிர்வீட்டு அம்மாளிடம் கொடுத்தாள். அந்த அம்மாளும் பூனையின் கண்ணைத்தான் குத்தினாள். வாத்தியம் வாசிக்கும் வாலிபன் ஒருவன், துளியை மழை என்று நினைத்தான். இத்தனை பேரும் முட்டாள்கள் என்று வைத்துக்கொள்ள அவளுக்கு ஆசைதான். ஆனால் இந்த முட்டாள்களிடம்தான் நாயும் பூனையும் இருந்தன.

பூனையைச் சின்னதாக்கி ஓரத்தில் வைத்தாள். மேலே தடித்த எழுத்தில் ‘இப்போது திறந்திருக்கிறது’; மூடும் நேரமானால் அதுவே ‘மூடியிருக்கிறது’ என்று மாறும். அதன்கீழ், கட்டைவிரல் தப்பாத அளவுக்குப் பெரிய பொத்தான்: ‘போன் செய்ய’. அப்புறம் ‘வரும் வழி’. முடித்துப் பார்த்தபோது பஸ் நிலையத்துப் பலகை போல இருந்தது. மூச்சு பார்த்துத் தலையாட்டினார், அவ்வளவுதான். உடற்பயிற்சிக்கூடக்காரர் எட்டிப் பார்த்து, இதற்கா இத்தனை நாள் வந்து படித்தீர்கள் என்று கேட்டார்.

அத்தானுடையதை எடுத்துவிட்டு அவளுடைய இணையதளத்தை ஏற்றினார்கள். அவள் பாராட்டுக்குக் காத்திருந்தாள். பூனைக்காரர்கள் வந்தார்கள், கிளிக்காரர்கள் வந்தார்கள், நேரத்துக்கு வந்தார்கள். ஒருவரும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. பொறுக்க மாட்டாமல் அக்காவிடம் கேட்டாள்.

“யாராச்சும் ஏதாவது சொன்னாங்களா?”

“எதைப் பத்தி?”

இணையதளத்தைப் பற்றி என்றாள். அக்கா யோசித்துப் பார்த்து, இல்லை என்றாள். போன்தான் ஓயாமல் அடிக்கிறது, ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதுகூட விடுவதில்லை, சனிக்கிழமையாவது வந்து எடுத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டாள்.

தங்கை போனாள். முதல் அழைப்பு, குரலைக் கேட்டால் படித்த ஆள். இணையதளத்தைப் பார்த்துத்தான் கூப்பிடுவதாகச் சொன்னார்.

“இப்ப திறந்திருக்கா?”

தங்கை ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டாள்.

“திறந்திருக்கு. வாங்க.”