அணைக்கக் கூடாத சுவிட்ச்

‘சுவிட்சை அணைக்காதீர்கள்’ என்று ஹசன் அலி எழுதி ஒட்டிய தாள் மூன்று மாதமாகக் கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் இருந்தது. வேலை நடுவில் நின்றுவிடக் கூடாது. கரண்டு போனாலும் இன்வெர்ட்டர் பார்த்துக்கொள்ளும்.

வைஃபை சிப்பை இயக்க அவன் எழுதிய டிரைவர் என்ற நிரல், மேலப்பாளையத்தில் அவன் கம்ப்யூட்டரில் மட்டும் ஓடியது. வேறு யாரிடமும் ஓடவில்லை. உலகெங்கும் பலர் சேர்ந்து இலவசமாக எழுதும் அந்த மென்பொருளின் மேற்பார்வையாளரான பின்லாந்துக்காரர் காலையில் எழுதியிருந்தார்: இன்று மாலைக்குள் பிழை பிடிபடாவிட்டால் டிரைவரையே நீக்கிவிடுவேன். எட்டு மாத உழைப்பு. சம்பளம் கிடையாது, ஆனால் உலகத்துக் கம்ப்யூட்டரிலெல்லாம் தன் பெயர் வரப்போவதாக மாமனாரிடம் அளந்து வைத்திருந்தான்.

அவன் மதிய லுஹர் தொழப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தபோது, இந்த வருசத்தின் முதல் இடி இடித்தது. அவன் மனைவி ஷஃபீகாவுக்குப் பிறந்த வீட்டுப் பழக்கம், இடி கேட்டால் வீட்டில் ஒரு பிளக் மிஞ்சாது. ஃபிரிட்ஜ், டிவி, மிக்ஸி, கடைசியாகக் கம்ப்யூட்டர்.

திரும்பி வந்தவன் பதறிப்போய்ப் பிளக்கைச் சொருகினான். வைஃபை வரவில்லை.

“ஏளா, என்ன செஞ்ச?”

“பிளக்கப் புடுங்குனேன். சுவிட்சத் தொடலயே. தாள்ல அதத்தான எழுதிருக்கீய?”

திட்ட வாயைத் திறந்தவனுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. வைஃபை சிப்புக்குள் ரெஜிஸ்டர் என்று சின்னச் சின்ன அறைகள் உண்டு. கரண்டு வந்ததும் எந்த அறையில் எந்த எண்ணை வைப்பது என்று டிரைவர்தான் சொல்ல வேண்டும். தாளை ஒட்டிய மறுவாரம், தேவையில்லை என்று அப்படி ஒரு வரியை அழித்திருந்தான். இங்கே கரண்டே போகாததால் பழைய எண் அறையை விட்டு அசையவில்லை. மற்றவர்கள் தினமும் அணைத்துவிட்டுத் தூங்குகிறவர்கள்.

“இங்கயும் ஓடல! ஷஃபீ, ஓடல!” என்று குதித்தான்.

“அதுக்கா இந்தச் சந்தோசம்? வாப்பாவக் கூப்புடட்டா?” அவளுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

வரியைத் திரும்பச் சேர்த்தான். இருபது தடவை சோதித்தார்கள். அவள் பிடுங்கினாள், சொருகினாள், நடுவில் போய்ச் சோறு வடித்துவிட்டு வந்தாள். இருபது தடவையும் ஓடியது. திருத்தத்தின் அடியில், பிழையைக் கண்டுபிடித்தவர் பெயரைப் போடுவது வழக்கம். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஷஃபீகா என்று தட்டி அனுப்பினான்.

மாலையில் பின்லாந்துக்காரரின் பதில் வந்தது. “ஏற்றுக்கொண்டேன். ஷஃபீகாவுக்கு மிக்க நன்றி. அவர் இத்தனை நாள் எங்கே இருந்தார்?” அவனைப் பற்றி ஒரு சொல் இல்லை.

படித்துக் காட்டியதும் அவள் போனை எடுத்துத் தன் அப்பாவை அழைத்தாள். “வாப்பா, பேரு வரும் வரும்னு இவங்க சொன்னாங்கல்லா, வந்துட்டு…”

மேற்கே மறுபடி இடி உறுமியது. பேச்சை நிறுத்தாமலே, மறுகையால் அவள் பிளக்கைப் பிடித்துக்கொண்டாள்.