உள்ளே போகாமல் வெளியே வந்தவர்கள்

நகராட்சிக் கலைக்கூடத்துக்குள் அந்தச் செவ்வாய்க்கிழமை நாற்பத்திரண்டு பேர் போனார்கள், நாற்பத்தைந்து பேர் வெளியே வந்தார்கள். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த எண்ணிக்கைக்காரியின் இரண்டு கையிலும் எண்ணும் மெஷின் ஒவ்வொன்று இருந்தது. ஒரு தலை உள்ளே போனால் வலது கட்டைவிரல் அமுக்கும், வெளியே வந்தால் இடது. மாலை ஐந்தரைக்கு இரண்டும் ஒரே எண்ணைக் காட்டினால்தான் கதவைப் பூட்டலாம் என்பது தீயணைப்புத் துறை போட்ட விதி. பதினாறு வருஷமாகப் பதிவேட்டில் 'உள்ளே இருப்பவர்கள்' என்ற கட்டத்தில் சைபரைத் தவிர வேறொன்றும் விழுந்ததில்லை. அன்று அவள் கழித்தல் மூன்று என்று எழுதினாள். காவலாளி எட்டிப் பார்த்துவிட்டு, ஆள் மிச்சமிருந்தால்தானே ஆபத்து, குறைந்தால் நமக்கென்ன என்று பூட்டைப் போட்டான்.

அவள் அப்படி விடுகிற ஆள் இல்லை. சந்தேகம் அவளுக்கு ரத்தத்தில் ஊறியது. தம்பி வீட்டில் இருந்தாள். தீப்பெட்டிக் குச்சியைக்கூட எண்ணி வைப்பவள் என்று தம்பி மனைவி தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பாள், அது உண்மையும்கூட. முதலில் மெஷின்களைக் கைமாற்றிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு கலைக்கூடப் பொறுப்பாளர் மேல் சந்தேகம் திரும்பியது. கூட்டத்தைக் காட்டித்தானே மானியம் வாங்குகிறார், மனுஷன் பின்கதவு வழியாக ஆள் பிடித்து உள்ளே அனுப்புகிறாரோ? பின்கதவுத் தாழ்ப்பாளைக் கம்பியால் முறுக்கிக் கட்டினாள். மறுநாளும் இரண்டு பேர் அதிகமாக வந்தார்கள். அப்படி வருகிறவர்களை அவள் சீக்கிரமே அடையாளம் கண்டுகொண்டாள். வெயிலைக் கண்டதும் கண்ணைச் சுருக்குவார்கள், பக்கத்தில் வந்தால் லேசாகப் பெயின்ட் கரைக்கிற டர்பன்டைன் வாடை அடிக்கும், பஸ் ஸ்டாப் எங்கே என்று கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் மேல், நெடுநாள் பழகியவர்கள் போல அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புதான் அவளுக்குப் பிடிக்கவேயில்லை. முன்பின் தெரியாதவன் சிரித்தால் அதில் ஏதோ காரியம் இருக்கிறது என்பது அவள் கட்சி.

அப்போது மூன்றாவது அறையில் ஒரே ஒரு ஓவியம்தான் மாட்டியிருந்தது. கலை நிதிக் குழுவில் ஒருவர் நாற்காலி வியாபாரி, ஒருவர் ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர். நவீன ஓவியத்துக்கு எந்தக் கணக்கில் கொடுப்பது என்று தெரியாமல், வரைகிற தலைக்கு இவ்வளவு என்று பேசி முடித்தார்கள். ஒப்பந்தம் நூற்றுப்பன்னிரண்டு தலைக்கு. ஓவியர் சுவரடங்கலும் துணியைக் கட்டி, நூற்றுப்பன்னிரண்டு பேரையும் ஆள் உயரத்தில், எதையோ பார்க்கிற கூட்டமாக, முதுகு காட்டி நிற்க வைத்துவிட்டார். முகம் வரைய வராதோ என்று குழுவுக்குச் சந்தேகம். அப்படி எதைத்தான் பார்க்கிறார்கள் என்று கேட்டதற்கு, "அது முன்னாடி இருக்குங்க, கூட்டம் மறைக்குது" என்றார் ஓவியர். மேலே கேட்டால் தங்களுக்கு ஒன்றும் தெரியாதது வெளியே தெரிந்துவிடும் என்று அவர்களும் தலையாட்டிவிட்டுப் போனார்கள். எண்ணிக்கைக்காரி அதைப் பார்த்ததில்லை. எந்த அறைக்குள்ளும் அவள் போனதில்லை. வாசலை யாரை நம்பி விட்டுப் போவது?

மூன்றாம் வாரம் நிதிக் குழுவின் ஆய்வாளர் வந்தார். பூதக்கண்ணாடி என்று அவருக்குப் பெயர். ஓவியத்தில் இருந்த முதுகுகளை மூன்று தடவை எண்ணினார், மூன்று தடவையும் தொண்ணூற்றைந்துதான் வந்தது. மற்ற பதினேழு பேர் நின்ற இடத்தில் சாம்பல் நிறத் தரை மட்டும் இருந்தது. ஓவியர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். பொறுப்பாளர் நைசாகப் பழியை வாசல் பக்கம் தள்ளிவிட்டார். பதிவேட்டில் கழித்தல்களைக் கூட்டினால் சரியாகப் பதினேழு. ஆய்வாளர் அங்கேயே மெமோ எழுதினார். பதிவேடு பொய்யென்றால் போலிக் கணக்கு எழுதிய குற்றம், மெய்யென்றால் பொதுச் சொத்து பதினேழை கேட் பாஸ் இல்லாமல் வெளியே விட்ட குற்றம். எப்படிப் பார்த்தாலும் வேலை போய்விடும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

"பேசாம சைபர்னு எழுதித் தொலைச்சிருக்கலாம்ல அண்ணி?" என்றாள் தம்பி மனைவி. எண்ணிக்கைக்காரி தட்டைத் தள்ளி வைத்தாள். வேலை போவதுகூடப் பெரிதில்லை, பதினாறு வருஷத்தில் ஒரு தலை தப்பாதவளைத் தப்பாக எண்ணியவள் என்று ஒரு காகிதம் சொல்லப்போகிறதே, அதுதான் அவளைச் சுட்டது. ஊரையே சந்தேகப்பட்டவளுக்கு, ஊர் தன்னைச் சந்தேகப்பட்டதும் குழந்தை மாதிரி அழுகை வந்தது.

காலையில் நேரே ஆய்வாளர் முன்னால் போய் நின்றாள். "மெமோவுக்குப் பதில் எழுத மாட்டேன் சார். ஒரு நாள் என் பக்கத்துல உட்கார்ந்து நீங்களே எண்ணுங்க." இதில் என்ன சூழ்ச்சியோ என்று அவரும் யோசித்தார்; அலுவலகத்திலிருந்து சொந்த மெஷின் இரண்டும் சொந்த நாற்காலியும் கொண்டுவந்துதான் உட்கார்ந்தார். முப்பது பேர் போனார்கள். நாலு மணிக்குள் முப்பது பேரும் வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு முப்பத்தொன்றாவதாக ஒரு பெண் வந்து, கண்ணைச் சுருக்கி, எண்ணிக்கைக்காரியைப் பார்த்துச் சிரித்தாள். ஆய்வாளர் எழுந்து, கொஞ்சம் திரும்பி நில்லுங்கம்மா என்றார். முதுகு காட்டி நிற்பது பழகிய வேலைதானே, அவள் முகம் சுளிக்காமல் திரும்பினாள். பழுப்பு ரவிக்கையின் முதுகில் ஒரு ஊக்கு குத்தியிருந்தது. அந்த ஊக்கை அவர் காலையில்தான் ஓவியத்தின் மூன்றாம் வரிசையில் பார்த்திருந்தார். உள்ளே ஓடியவர் மெதுவாகத் திரும்பி வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"நீங்க எண்ணினது சரிதான்மா."

"வாயால சொன்னா போதாது சார், எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தார். அவள் இரண்டு தடவை படித்து, தேதி சரியா என்றும் பார்த்து மடித்து வைத்தாள்.

அடுத்த முறை அச்சடித்து வந்த பதிவேட்டில் 'உள்ளே போகாமல் வெளியே வந்தவர்கள்' என்று புதிதாக ஒரு கட்டம் இருந்தது. கூடவே கேட் பாஸ் புத்தகமும் வந்தது. ஒவ்வொருவருக்கும் அவள் 'பொருள்: ஆள் ஒன்று, திருப்பிக் கொண்டுவர வேண்டியதில்லை' என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தாள். நாலு வருஷத்தில் அவர்கள் ஊரோடு கலந்துபோனார்கள். ஒருவர் ஜெராக்ஸ் கடை வைத்தார், ஒருவர் பஸ் கண்டக்டரானார். ஊக்கு குத்திய பெண் நிதிக் குழுவிலேயே உறுப்பினராகி, நாற்காலி வியாபாரியைவிடப் பொறுமையாகவே படம் பார்த்தாள்.

கடைசியாக வந்தவர் முதல் வரிசையில் நின்ற வழுக்கைத் தலைக்காரர். அவரும் சிரித்தார். நாலு வருஷம் அடக்கி வைத்திருந்ததை அவள் கேட்டேவிட்டாள். "எதுக்கு எல்லாரும் என்னையப் பார்த்துச் சிரிக்கறீங்க?"

"உள்ள போய்ப் பாருங்கம்மா. வாசலை நான் பார்த்துக்கறேன்."

அவரை மேலும் கீழும் பார்த்தாள். நூற்றுப்பதினோரு பேர் போயும் ஒருவர்மேல்கூட ஒரு புகார் வந்ததில்லை. தன் தலைக்கு வலது மெஷினை ஒரு தடவை அமுக்கிவிட்டு, இருபது வருஷத்தில் முதல் முறையாக இரண்டையும் இன்னொருவர் கையில் கொடுத்தாள்.

மூன்றாவது அறையில் சுவரளவு துணியில் வெறும் தரை மட்டும் இருந்தது. அதன் கோடியில், இத்தனை நாள் கூட்டம் மறைத்திருந்த இடத்தில், உள்ளங்கை அகலத்தில் ஒரு வாசல் வரைந்திருந்தது. வாசலில் வெயிலும் ஒரு ஸ்டூலும் இருந்தன. ஸ்டூலில் யாரும் இல்லை. அதை ஒட்டி வழுக்கைத் தலைக்காரர் இரண்டு கையிலும் மெஷினோடு நின்றுகொண்டிருந்தார். வந்தவர்களை எல்லாம் தான்தான் பார்த்துக்கொண்டிருந்ததாக நினைத்திருந்தாள்; அவர்கள்தான் இத்தனை நாளும் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் அந்த ஆள் ஒழுங்காக எண்ணுகிறாரா என்ற சந்தேகம் வந்து, விறுவிறுவென்று வாசலுக்குத் திரும்பினாள். அவளுக்காக அவர் இடது மெஷினை ஒரு தடவை அமுக்கினார். கணக்கு சரியாக இருந்தது. கேட் பாஸ் எழுதிக் கொடுத்தாள்.

மறுநாள் ஆய்வாளர் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, படத்து வாசலில் ஒரு பொம்பளை ஸ்டூல்மேல் உட்கார்ந்து என்னையே சந்தேகமாகப் பார்க்கிறாள் என்றார்.

"வேலை நேரத்துல வேற எங்க சார் இருப்பேன்?" என்று சொல்லி, அவர் வெளியே வந்ததற்கு இடது மெஷினை அமுக்கினாள்.