தாழ்ப்பாள் இல்லாத முதுகு

தச்சரின் முதுகில் பச்சை குத்தியிருந்த சிவப்புக் கதவு அந்த மழைக்காலத்தில் உப்பி, நிலையோடு இறுகிக்கொண்டது. ஊரில் பாதி வீடுகளுக்குக் கதவு செய்தவர், தொழிலுக்கு ஓர் அடையாளம் இருக்கட்டுமே என்று குத்திக்கொண்டது அது. நிலையும் கீலும் கறுப்பு, பலகை சிவப்பு. தாழ்ப்பாள் போடச் சொல்ல மட்டும் மறந்துபோனார், கெட்டிக்காரர். கறுப்பு சமர்த்தாக இருந்தது. சிவப்புதான் தடித்து, முண்டு முண்டாகி, நீர் கசிந்து, அரித்துப் பிடுங்கியது. அவர் பட்டறைத் தூணில் முதுகைத் தேய்த்துக்கொண்டே இழைப்புளி தள்ளினார்.

"சிவப்பு மை சில பேருக்கு ஒத்துக்காது. களிம்பு தர்றேன், வீக்கம் வடிஞ்சிடும். இனிமே உடம்புல மையே ஏத்தாதீங்க," என்றார் தோல் டாக்டர்.

களிம்பு தடவுவது மனைவியின் வேலையானது. வீக்கம் வடிந்தது. வடிந்த கதவு நிலையில் தங்காது என்பது தச்சருக்குத் தெரியாததா? முதுகு கண்ணுக்கு எட்டாததால் அவர் யோசிக்கவில்லை. ஒரு சாயங்காலம் அவள் விரல் பட்டதும் கதவு கிரீச்சென்று ஒரு விரற்கடை திறந்தது. உள்ளிருந்து வந்த குளிர்காற்றில் அடுப்பு அணைந்தது.

"என்ன தெரியுது?"

"ஒண்ணுமில்லைங்க. இருட்டா இருக்கு."

அது பொய். உள்ளே, விளக்கெரியும் சின்ன அறையில், அவள் கணவரே உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். வெளியே கிளம்புகிறவரின் முகம். கதவை உள்ளங்கையால் அழுத்திச் சாத்தினாள். அவர் கிளம்பிப் போய்விட்டால் இங்கே அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருப்பவர் என்ன ஆவார் என்று நினைக்கவே பயந்தாள்.

களிம்பை நிறுத்தினாள். கதவு இறுகியது, ஆனால் முதுகு ரணமாகி அவர் காய்ச்சலில் விழுந்தார். தடவினால் திறக்கும், தடவாவிட்டால் மனிதர் தாங்கமாட்டார். மறுபடி தடவிவிட்டு, அவர் முதுகோடு தன் முதுகை முட்டுக் கொடுத்து உட்கார்ந்தே பல நாட்களை ஓட்டினாள். கடைசியில் பச்சை குத்தியவனையே வீட்டுக்கு வரவழைத்தாள்.

"டாக்டர் வேண்டாம்னிருக்காரேக்கா. ஏதாவது ஆயிட்டா?"

"கறுப்பு அவரை ஒண்ணும் பண்ணலைப்பா. ஒரே ஒரு தாழ்ப்பாள். வெளிப்பக்கமா போடு."

ஊசி ஓடும்போது உள்ளே செருப்புச் சத்தம் நெருங்கி வந்தது. மூன்று பேர் காதிலும் விழுந்தது.

"யாரு நடக்கறது?" என்றார் தச்சர்.

"நீங்கதான். அசையாம இருங்க."

கடைசிக் கோடு விழுந்ததும் அவள் அதைக் கட்டைவிரலால் தள்ளினாள். தாழ்ப்பாள் நகர்ந்து பூட்டிக்கொண்டது. கதவு ஒரு முறை குலுங்கி நின்றது.

கறுப்பு தடிக்கவில்லை. களிம்பில் சிவப்பும் அடங்கியது. தச்சர் தலை நரைத்து, பேரன் பேத்திக்குத் தொட்டில் செய்து, இன்னமும் பட்டறைக்குப் போய் வருகிறார். முன்கதவு, பின்கதவு, கணவர் என்று மூன்று தாழ்ப்பாளையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவள் படுக்கிறாள். சில நாள் உள்ளிருந்து மெதுவாகத் தட்டும் சத்தம் வரும்.

"இப்ப என்ன அவசரம்? செருப்பைக் கழட்டிட்டுப் படுங்க," என்பாள்.

உள்ளே செருப்பு கழலும் சத்தம் கேட்ட பிறகு விளக்கை அணைப்பாள்.